அப்பாவின் பல்லில் வந்த விசில்

அன்பு மகள் சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. நீ நல்ல உடம்போடும் நல்ல தூக்கத்தோடும் இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கு உன் அப்பாவின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டைத் தவிர மற்ற எல்லாரும் எல்லாமும் இருந்த இடத்தில் நலமாக இருக்கிறோம். சமையலறைக் குழாயை ஒருவழியாக மாற்றியாயிற்று. மாடி வீட்டுக்காரர் இன்னமும் நம் கொடியில்தான் துணி காயப்போடுகிறார், கேட்டால் சிரிக்கிறார். உன் சித்தி முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு நடக்கிறாள், வலி குறைந்ததோ இல்லையோ அதைப் பற்றிய பேச்சு குறையவில்லை. அப்பா ஏன் ஆறு மாதமாகப் போனில் பேசமாட்டேன் என்கிறார், என்மேல் கோபமா என்று நீ அவளிடம் கேட்டாயாம். அவளும் அப்பாவை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தார்கள் என்று பாதியைச் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் சொல்லும் பாதி எப்போதும் முழுசைவிடப் பெரிதாக இருக்கும், ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. உன் பெயர் 'ச'வில் தொடங்குகிறது, அதுதான் சிக்கல்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கினார்கள் அல்லவா, அந்த இடத்தை அப்படியே காலியாக விடாதீர்கள், பல் கட்டிக்கொள்ளுங்கள் என்று பல் டாக்டர் அம்மா அப்போதே சொன்னார். இவரோ, "அங்க யாரு எட்டிப் பாக்கப் போறா" என்று வந்துவிட்டார். அதன்பிறகு தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது, ரத்தம் வருகிற இடத்தைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று இவராகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து அந்தப் பக்கம் தேய்ப்பதையே விட்டார். கொஞ்ச நாளில் மேலே முன்பற்கள் இரண்டும் முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு பக்கம் விலக ஆரம்பித்தன. முதலில் காகிதம் நுழையும் அளவு, அப்புறம் டிப்போ அடையாள அட்டை நுழையும் அளவு. அந்த அட்டையைப் பல்லில் செருகி, கையை விட்டுவிட்டு எனக்கு நின்று காட்டினார். நான் பயந்தேன், அவருக்குப் பெருமை.

பிறகு ஒருநாள் காலை பேருந்து நிலையத்தில், இருபத்தெட்டு வருடமாக இவர் உட்கார்ந்து அறிவிப்புச் செய்கிற அதே கண்ணாடி அறையில், அந்த இடைவெளி வழியாகக் காற்று புகுந்து விசில் வந்துவிட்டது. வீட்டில் பேசும்போது ஏதோ சீறுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மைக்கில் போய் முப்பது ஒலிபெருக்கியில் வரும்போது அது அச்சு அசல் கண்டக்டர் விசில். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ, உனக்குத் தெரியும். அப்பா சொன்னது இவ்வளவுதான், பன்னிரண்டாம் எண் பஸ் சற்று நேரத்தில் புறப்படும். 'பஸ்'ஸில் ஒன்று, 'சற்று'வில் ஒன்று. புறப்படும் என்று அவர் முடிப்பதற்குள் அது புறப்பட்டே விட்டது. கண்டக்டர் கீழே காபி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையோடு கொஞ்ச தூரம் ஓடினாராம். உடனே அப்பா பதறிப்போய், தவறுதலாகச் சென்ற பஸ் என்று ஆரம்பித்தார், இரண்டாம் நடைமேடையும் நான்காம் நடைமேடையும் காலியாயின. மன்னிப்புக் கேட்கக் கேட்க வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அவற்றில் ஒன்றில் பயணி ஒருவர்கூட இல்லை, டிரைவர் அடுத்த ஊர் போய்த்தான் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

கிளை மேலாளர் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து, அறைக்குள் உட்கார்ந்து விசில் ஊதியது யார் என்று கேட்டார். அப்பா எழுந்து நின்று மரியாதையாக "சார்" என்றார். அதிலும் விசில். என்னையே விசிலடித்துக் கூப்பிடுகிறாயா என்று அவருக்கு வந்ததே கோபம். மேசை இழுப்பறையைக் கொட்டி, தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்து, அப்பாவின் சட்டைப்பை வரை தேடினார்கள். கடைசியில் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பல்லா இது?" என்று மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். அறிவிப்பு அறையில் விசில் ஊதியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. விசாரணை முடியும்வரை ஸகரம் கேட்கும்படியான எந்தச் சொல்லையும் மைக்கில் பேசக்கூடாது, பேசினால் வேலை போய்விடும் என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். அப்போதாவது டாக்டரிடம் போங்கள் என்றேன். போகவில்லை. முன்பல்லையும் பிடுங்கிவிடுவார்கள், அதோடு குரலும் போய்விடும் என்று உள்ளுக்குள் பயம், அதை வெளியே சொல்லவில்லை, மாறாக ஒரு நோட்டுப் போட்டு மாற்றுச் சொல் எழுத ஆரம்பித்தார். பஸ்ஸுக்குப் பேருந்து, சற்று நேரத்துக்குக் கொஞ்ச நேரம். ஒரு வாரத்தில் அவருடைய தமிழ் எப்படியாகிவிட்டது என்றால், ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கண்ணாடி அறைக்கே வந்து, இந்தக் காலத்தில் இப்படியொரு தூய தமிழா என்று கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். நன்றி என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார் இவர். உன்னிடம் பேசாததும் இதனால்தான். பெற்ற மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விசிலாக வருகிறதே என்று அவருக்கு வெட்கம்.

அப்படியே ஓட்டியிருப்பார், நடுவில் ஒரு குழந்தை தொலைந்தது. நல்ல கூட்டம் உள்ள மதியம், ஒரு பெண் அழுதுகொண்டே வந்து மகளைக் காணோம் என்றாள். சிவப்புச் சட்டை, ஐந்து வயதுச் சிறுமி. அப்பாவின் நிலைமையைப் பார், ஒவ்வொரு சொல்லும் கண்ணிவெடி. முதலில் சமாளிக்கப் பார்த்து, ரத்த நிற மேலாடை அணிந்த பெண் குழந்தை என்று அறிவித்துவிட்டார். கூட்டத்தில் யாரோ அலறினார்கள், தாய் அங்கேயே மயங்கி உட்கார்ந்துவிட்டாள். பழக்கடைக்காரர் காயம் எங்கே என்று மருந்துப் பெட்டியோடு ஓடிவந்தார். ரத்தம் என்று கேட்ட எவரும் சிவப்புச் சட்டையைத் தேடவில்லை. நேரமோ போகிறது, கிளம்புகிற வண்டி எதிலாவது குழந்தை ஏறியிருந்தால் என்ன ஆவது. அப்பா மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லா ஓட்டுநர்களும் வண்டியை அணைத்துவிட்டு இறங்கித் தரையில் நில்லுங்கள் என்று மூன்று தடவை சொன்னார். இவ்வளவு வருடத்தில் அவர் அப்படி அதட்டி யாரும் கேட்டதில்லையாம், அத்தனை பேரும் இறங்கினார்கள். அதன்பின் வேலை போனால் போகிறது என்று, சிவப்புச் சட்டை போட்ட சின்னஞ்சிறு சிறுமி என்று ஒரு எழுத்து விடாமல் சொன்னார். நிலையமே விசில் மயம். ஒரு பேருந்துகூட அசையவில்லை. அவர் நாலாவது முறை சொல்லிக்கொண்டிருக்கும்போது முழங்காலை யாரோ தட்டினார்கள். குனிந்து பார்த்தால் சிவப்புச் சட்டை. யார் இவ்வளவு நன்றாக விசிலடிப்பது என்று பார்க்கத் தானே கதவைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. "அது எங்க வச்சிருக்கீங்க, நானும் ஊதணும்" என்றதாம். அப்பா வாயைத் திறந்து காட்டியிருக்கிறார்.

மேலாளர் மெமோவைக் கிழிக்கவில்லை, அதன் ஓரத்தில் 'பல் காரணம்' என்று எழுதிக் கோப்பில் வைத்துவிட்டு இவருக்கு மருத்துவ விடுப்புக் கொடுத்தார். மறுநாள் நானும் விடுப்புப் போட்டுவிட்டுக் கையோடு டாக்டரிடம் அழைத்துப்போனேன். டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார், பல் என்பது சுவரில் அடித்த ஆணி இல்லை, எலும்புக்கும் வேருக்கும் நடுவில் மெல்லிய நார்கள் தாங்கிப் பிடித்திருக்கின்றன, எலும்பும் உயிருள்ளது, மெதுவாக நெடுநாள் தள்ளினால் இடம் கொடுத்துவிடும் என்று. ஒரு குறையும் இல்லாதவர்களுக்கும் வயது ஏற ஏறப் பற்கள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு நகருமாம், கீழ்வரிசை முன்பற்கள் நெருக்கியடித்து நிற்குமாம். அப்பாவுக்கு அதோடு ஈறு கெட்டு உள்ளே எலும்பு கரைந்திருக்கிறது. கடைவாய்ப் பல் இல்லாமல் மெல்லும் பாரமெல்லாம் முன்பல்லில் விழுந்து அவற்றை வெளியே தள்ளியிருக்கிறது, காலி இடத்தை நோக்கிப் பக்கத்துப் பற்களும் சாய்ந்திருக்கின்றன. எனக்கு இது உடனே புரிந்தது, நில அளவை அலுவலகத்தில் நான் பார்க்காத வேலித் தகராறா. பல்லைப் பிடுங்கவில்லை. ஈறை ஆழமாகச் சுத்தம் செய்து, அது ஆறும்வரை காத்திருந்து, கடைவாயில் பல் கட்டி, இப்போது முன்னால் கம்பி போட்டிருக்கிறார்கள். ஐம்பத்தேழு வயதில் கிளிப். மாடி வீட்டுக்காரரைப் பார்த்தால் கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொள்கிறார். முழு விசில் இப்போது அரை விசிலாகியிருக்கிறது, பல் சேர்ந்த பிறகும் பின்பக்கம் நிரந்தரமாக ஒரு கம்பி ஒட்டவேண்டுமாம், இல்லாவிட்டால் பழையபடி கிளம்பிவிடும்.

இனி உன் விஷயம். உனக்குப் பதினைந்து வயதில் கிளிப் போட்டுக் கழற்றியபோது, பல் திரும்ப நகராமலிருக்க ராத்திரியில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த தட்டு, உன் பழைய ஜியாமெட்ரி பெட்டிக்குள் காம்பஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீ அதை எடுத்துப்போகவே இல்லை. அனுப்பி வைக்கலாம் என்று பார்த்தேன், ஆனால் இத்தனை வருடம் கழித்து அதை அழுத்தி மாட்டினால் பல்லுக்குத்தான் கெடுதல், அங்கேயே ஒரு டாக்டரிடம் காட்டிப் புதிதாக அளவெடுத்துச் செய்துகொள்ளட்டும் என்று டாக்டர் அம்மா சொன்னார். தினமும் இரண்டு வேளை தேய், பல்லிடுக்கில் நூல் விட்டு எடு, ரத்தம் வந்தால் அப்பா செய்ததைச் செய்யாதே, டாக்டரிடம் போ. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறாயா என்று உன் அறைத்தோழியைக் கேள், கடித்தால் அதற்கும் ஒரு உறை இருக்கிறது. பாட்டில் மூடியைப் பல்லால் திறக்காதே, பேனாவைக் கடிக்காதே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டு.

இன்னொன்று, இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். போன மூன்று தடவை வீடியோவில் நீ வாயை மூடிக்கொண்டே சிரித்தாய். பல் கோணிவிட்டது, அதை மறைக்கிறாள் என்கிறார், திரைக்கு வராமல் என் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைப் பார்க்கும் அப்பா. எனக்கு அப்படித் தெரியவில்லை. பல் என்றால் அடுத்த வாரமே டாக்டரைப் பார். வேறு ஏதாவது என்றால் டாக்டர் வேண்டாம், டிக்கெட் போட்டுக்கொண்டு வா, காரணம் நாங்கள் கேட்கமாட்டோம்.

நீ எங்கே இருந்தாலும் வாய் விட்டுச் சிரிக்கும்படி நன்றாக இரு என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். பல் டாக்டரைப் பார்த்த தேதியை மறக்காமல் எழுது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா