எட்டு ஏரும் ஒரு டிராக்டரும்

4-6-1970, வியாழன்

இன்று ஊரே என் கோவணத்தைப் பார்த்தது.

பண்ணையார் சாரங்கபாணி வாங்கியிருக்கும் டிராக்டரை வயலில் இறங்க விடுவதில்லை என்று எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முடிவு. வரிசையாகப் படுத்து மறித்தோம். “எங்க மேல ஏத்திட்டு உழுடா!” என்று பெரிய குரலில் கத்தியவன் நான்தான். வெளியூர் டிரைவர் ஒரு ஹாரன் அடித்தான். அவ்வளவுதான். வரப்புக்கு ஓடிப்போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, என் வேட்டி மட்டும் வயலில் படுத்து மறியல் செய்துகொண்டிருக்கிறது.

வைரக்கண்ணு அசையவில்லை. பண்ணையின் எட்டு ஏரில் முன்னேர் அவனுடையது. அவனுக்குப் பின்னால் இரண்டாவது ஏர் நான், பதினாறு வருஷமாக. வேட்டியை எடுத்து வந்து கொடுத்தான். “மாப்ளே, அடுத்த மறியலுக்கு நீ வேணாம். இத மட்டும் அனுப்பிடு.”

8-6-1970

மன்னார்குடியிலிருந்து போலீஸ் வேன் வந்து நிற்கிறது. மகள் அம்சவல்லியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை.

11-6-1970

தாசில்தார் முன்னால் பேச்சு. பாதி நிலம் டிராக்டருக்கு, பாதி ஏருக்கு. வெளியூர் ஆள் கூடாது, டிரைவர் நம்ம ஊர்க்காரனாக இருக்க வேண்டும் என்று சங்கம் கேட்டது. பண்ணையார் உடனே சரி என்றார். கூலியில் அரைப் படி கூடக் கேட்டால் மூன்று மாதம் யோசிக்கிறவர், அரை நிமிஷத்தில் சரி என்கிறார். ஏன்?

சங்கம் என் பெயரைக் கொடுத்தது. எட்டாவது படித்தவன் நான் ஒருத்தன்தானாம். (எட்டாவதை இரண்டு வருஷம் படித்தேன், அது கூடுதல் தகுதி.) அதிலும் எனக்குச் சந்தேகம். ஹாரனுக்கு ஓடினவன், ஹாரன் இவன் கையிலேயே இருக்கட்டும் என்று நினைத்துவிட்டார்களோ?

13-6-1970

பண்ணையார் வீட்டுக்குப் போனேன். “உக்காரு வீரையா.” பெஞ்சில்! இத்தனை வருஷமாகக் கொல்லைப்பக்கம் கொட்டாங்கச்சியில் நீராகாரம் குடித்தவனுக்கு, இன்று முன்வாசலில் எவர்சில்வர் டம்ளரில் காபி. குடிப்பதற்கு முன் உள்ளே எட்டிப் பார்த்தேன். என்ன இருக்கும் என்று நினைத்தேனோ, காபிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவி ராசம்மாளிடம் சொன்னேன். “டம்ளரக் கழுவிக் கவுத்துட்டுப் போன்னாங்களா?” என்று கேட்டாள். சொன்னார்கள்.

“அப்ப பயப்படாதீங்க. ஒண்ணும் மாறல.”

17-6-1970

கற்றுக்கொடுக்க மன்னார்குடி மெக்கானிக் அஹமது கபீர் வந்திருக்கிறார். என்னைவிட இளையவர். இன்று இரண்டு வரப்பை உடைத்தேன். “அண்ணே, பிரேக்க மிதிங்கண்ணே! ஹோ ஹோன்னா நிக்க இது மாடில்லண்ணே!” தொண்டை கட்டிக்கொண்டது, எனக்கும் அவருக்கும்.

அம்சவல்லி கேட்டாள்: “இது பின்னாலயும் போகுமாப்பா?”

“போகும்.”

“மாடு போகாதில்ல?” அவளுக்குச் சந்தோஷம். எனக்கும்தான். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

22-6-1970

டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வைரக்கண்ணு என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். “டிரைவர் சார் உக்காரட்டும்.” எல்லாரும் சிரித்தார்கள்.

பண்ணையாரிடம் காபி குடித்தது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. யார் சொன்னது? நான் என்னடா பண்ணேன்? நீங்கதானடா கைதூக்கி அனுப்பினீங்க? நீயும்தானடா தூக்கின? — இதெல்லாம் இந்த நோட்டில்தான். அங்கே நின்றுகொண்டே டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

29-6-1970

தண்ணீர் வந்து, குறுவை உழவு நடக்கிறது. என் பாதி நாலே நாளில் முடியப் போகிறது. அந்தப் பக்கம் ஏழு ஏரும் கால்வாசி தாண்டவில்லை.

சாயங்காலம் பண்ணையார் வரப்பில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். அன்றைக்கு ஏன் அரை நிமிஷத்தில் சரி சொன்னார் என்று இப்போது புரிகிறது. அவர் சூது ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நான் ஒழுங்காக ஓட்டினாலே போதும்.

நாளை மெதுவாகத்தான் ஓட்டுவது.

30-6-1970

மெதுவாக ஓட்டினேன். பத்து நிமிஷம்.

20-8-1970

சம்பா உழவுக்கு மூன்று ஏர் போதும் என்று பண்ணையிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். வைரக்கண்ணு அந்த மூன்றில் இல்லை. பேசினபடி நடக்கவில்லை என்று சங்கம் மறுபடி தாசில்தாருக்கு மனு எழுதியது. அதில் நானும் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு டிராக்டருக்கு டீசல் ஊற்றப் போனேன்.

9-9-1970

வைரக்கண்ணுவுக்கு இப்போது மண்வெட்டி வேலை. டிராக்டர் திரும்பும்போது உழாமல் விட்டுப்போகும் மூலைகளை அவன் கொத்திவிட வேண்டும். மத்தியானம் இன்ஜினை நிறுத்தினேன். பக்கத்தில் வந்தான், இரண்டரை மாதத்துக்குப் பிறகு. என் சோற்றுத் தூக்கைத் திறந்து பார்த்து, “இன்னைக்கும் கருவாடுதானா டிரைவருக்கு?” என்றான். பாதியைக் கொடுத்தேன். சாப்பிட்டான்.

கை கழுவிவிட்டு, சீட்டைத் தொட்டுப் பார்த்தபடி கேட்டான். “நாள் பூரா குலுங்குதே, எறங்குறப்ப இடுப்பு விட்டுப்போகுமேடா?”

“ஆமாடா, உயிர் போகுது” என்றேன்.

இறங்கவே மனசு வருவதில்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை.