நீ ஏழு முறை பார்த்த அறிக்கை

அன்புள்ள சிட்டுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று கை தானாக எழுதப் போனது, பிடித்து நிறுத்திவிட்டேன். போனிலேயே பேசலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் அழுவேன், நீயும் அழுவாய், உன் அப்பா குறுக்கே புகுந்து போனை வாங்கி அங்கே மழையா வெயிலா என்று விசாரிப்பார். அதனால்தான் கடிதம்.

என் மார்பில் கட்டி தட்டுப்பட்டதும், சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியதும் உனக்குத் தெரியும். அந்தப் புதன்கிழமை காலை டாக்டரம்மா என்னை உட்கார வைத்துப் புற்றுநோய் என்றார். அன்று மாலை நீ கூப்பிட்டபோது வெறும் நீர்க்கட்டிதான், மாத்திரையில் கரைந்துவிடும் என்று கூசாமல் புளுகினேன். நீயும் அப்படியா, நல்லதும்மா என்று சொல்லிவிட்டு, வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் வந்தாரா என்று கேட்டாய். எப்படிச் சமாளித்தேன் பார்த்தீர்களா என்று உன் அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன். போன முறை வந்திருந்தபோது அறிக்கைகளைப் பார்க்கும் ஆஸ்பத்திரிக் கணக்கை என் போனில் திறந்து வைத்தவளே நீதான் என்பது எனக்கு மறந்தே போயிற்று. ரகசிய எண் வரும் நேரத்தில் அப்பா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார் என்று உன் நம்பரைத்தானே கொடுத்தாய்? என் அறிக்கை எதுவானாலும் முதலில் உனக்குத்தான் வந்து சேரும். இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரிப் பதிவறையில் கோப்புகளைக் காத்தவளின் லட்சணம் இது.

வெள்ளிக்கிழமை அறிக்கையை அச்செடுத்து வாங்கப் போனேன். கணினியில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, அம்மா, இதை உங்க பொண்ணு ஏற்கெனவே பார்த்துட்டாங்களே, அதுவும் ஏழு தடவை என்றாள். யார், எப்போது திறந்தார்கள் என்று வரிசையாக இருந்தது. முதல் முறை செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு. எனக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் அறையில் நோட்டில் கையெழுத்துப் போடாமல் தலைமை டாக்டர் வந்தால்கூட ஒரு கோப்பைத் தர மாட்டேன், என் கோப்பை என்னைக் கேட்காமல் நீ எப்படிப் பார்க்கலாம் என்று வீடு வரை பொருமிக்கொண்டே வந்தேன். வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த ஏழு என்ற எண் உறைத்தது. ஆபீஸில் நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, எழுத்து ஏதாவது மாறியிருக்கிறதா என்று திறந்து திறந்து பார்த்தாயா? யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் முழுக்க எப்படித் தாங்கினாய் என் கண்ணே.

நீங்கள் இருக்கும் நாட்டில் டாக்டர் எழுதும் குறிப்பைக்கூட நோயாளி அன்றைக்கே படிக்கலாம் என்று நீ பெருமை அடித்துக்கொள்வாய். இங்கே பரிசோதனை முடிவு மட்டும் வருகிறது, டாக்டர் தன் மனதுக்குள் என்ன நினைத்தார் என்பது வருவதில்லை. மாப்பிள்ளையின் அக்கா இருக்கும் நாட்டில் மனு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் தவம் கிடக்க வேண்டுமாம். என் காலத்தில் அதுவும் இல்லை. ஒரு லாரி டிரைவரின் மனைவி, என் புருஷனுக்கு என்னன்னு ஒரு வரி மட்டும் படிச்சுச் சொல்லுங்கம்மா என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோப்பு என் மேஜையிலேயே இருந்தது. டாக்டரைக் கேளுங்க என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன். அதைக் கடமை என்று நினைத்தேன், இப்போது அவள் முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. திறந்து வைப்பது சரியா, பூட்டி வைப்பது சரியா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. படிக்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும், அது மட்டும் தெரிகிறது.

பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். ஆரம்பக் கட்டம்தான், பயப்பட வேண்டாம் என்கிறார் டாக்டரம்மா. நான் பயப்படத்தான் செய்கிறேன். சமையல் பழகுகிறேன் என்று உன் அப்பா இரண்டு பாத்திரத்தைத் தீய்த்துவிட்டார். வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் நீ பக்கத்தில் இருந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும். முடிந்தால் வா.

இன்னொன்று, இதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன். அந்தப் புதன்கிழமை நான் கிளம்பும்போது டாக்டரம்மா உங்களுக்குப் பெண் இருக்கிறாளா என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். அவளுடைய டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும், அவளுக்குப் பரிசோதனையைச் சீக்கிரமே ஆரம்பிக்க வேண்டும் என்றார். குட்டி வயிற்றில் இருந்தபோது உன் கோப்பை எனக்கு வீடியோவில் காட்டினாயே, அதில் தாயாரின் நோய் என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று இருந்தது. நான் பொய்யிலேயே நின்றிருந்தால் அதுவும் அப்படியே நின்றிருக்கும். ஊரார் கோப்பில் ஒரு எழுத்துத் தப்பினாலே சோறு இறங்காதவள், பெற்ற பெண்ணின் கோப்பில் பொய்யை விட்டுவைக்கப் பார்த்தேன். நல்ல வேளை, நீ பார்த்தாய். இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு அந்த ஒன்றுமில்லையை அழித்துவிட்டு, மார்பகப் புற்றுநோய், அறுபத்தோரு வயதில் என்று எழுதச் சொல். டாக்டரைப் பார்க்க நாளும் வாங்கு.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி அண்டாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். குட்டிக்கு என் முத்தங்கள். மறந்துவிடாதே, உன் பரிசோதனை முடிவு வரும் பக்கத்தை எனக்கும் திறந்துவிடு. அதை நீ தனியாகப் படிக்கக் கூடாது.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா