மணலேந்தல் வரத்து வாரிக்கு நகர்த் திட்டத்தில் இடம் கேட்டு

அனுப்புநர்:
பாசிலா,
க/பெ. உமைர் (மறைவு),
புதுநகர் மனைப்பிரிவு,
மணலேந்தல் பேரூராட்சி,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
புதுக்கோட்டை.

பொருள்: மணலேந்தல் நகர் வளர்ச்சி வரைவுத் திட்டம் – விடுபட்ட வரத்து வாரியைச் சேர்க்கவும், குறுக்கே உள்ள சுவரை அகற்றவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊரின் வளர்ச்சிக்கான வரைவுத் திட்டம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. அதில் பூங்கா, பேருந்து நிலையம், அகலச் சாலைகள் எல்லாம் உள்ளன. மேட்டு நிலத்து மழைநீரைக் கண்மாய்க்குக் கொண்டுபோன வாரி மட்டும் இல்லை. அது ஓடிய இடம் குடியிருப்புப் பகுதி என்று காட்டப்பட்டுள்ளது.

2. அந்த இடத்தில்தான் எங்கள் வீடு இருக்கிறது. என் கணவர் கத்தாரில் எலக்ட்ரீஷியனாக உழைத்துக் கட்டியது. அனுமதி பெற்ற மனை என்று விற்றவர்கள் சொன்னார்கள், வாங்கினோம். வாரி அப்போதே மண்ணடித்து மூடப்பட்டிருந்தது. மனைப்பிரிவுக்குள் வெள்ளம் வராதிருக்க மேற்கே நீளமாகச் சுவரும் எழுப்பியிருந்தார்கள்.

3. சென்ற நவம்பர் மழையில், போக வழியில்லாத தண்ணீர் அந்தச் சுவருக்கு வெளியே மேலத்தெருவில் தேங்கியது. அங்கே இட்லிக்கடை வைத்திருக்கும் சேதுலட்சுமி அக்கா என் கணவருக்குப் போன் செய்தார். அவர் கணவர் பக்கவாதத்தில் படுத்திருப்பவர். "தம்பி, கட்டிலுக்கு மேல தண்ணி வந்துருச்சு. இவரத் தூக்க முடியலப்பா" என்றார். விடுப்பில் வந்திருந்த என் கணவர் கடப்பாரையுடன் கிளம்பினார். சுவரை உடைத்தால் தண்ணீர் நம் வீட்டுக்குள் வருமே என்று நான் தடுத்தேன். "வீட்டக் கழுவிக்கலாம் பாசிலா. அங்கிட்டு ஆளு இருக்கு" என்றார். அதன்பின் அவர் குரலை நான் கேட்கவில்லை.

4. சுவர் உடைந்தது. மேலத்தெருவில் வெள்ளம் வடிந்து அந்தக் குடும்பம் பிழைத்தது. மேலே நின்ற பாதிச் சுவர் சரிந்து என் கணவர்மீது விழுந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே மௌத்தாகிவிட்டார்.

5. கணவரை இழந்த பெண் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டிய இத்தா காலத்தில் நான் இருந்தபோது, ஜன்னல் வழியாக அதே இடத்தில் மறுபடி சுவர் எழுவதைப் பார்த்தேன். முன்பைவிட உயரமாக, கம்பி கட்டி எழுப்பினார்கள். வெளியே போய்க் கேட்க என்னால் முடியவில்லை. "அத்தா மேல விழுந்த செவர எதுக்கும்மா திரும்பக் கட்டுறாங்க?" என்று என் மகள் ஆஃப்ரீன் கேட்டாள். என் அண்ணன் பேரூராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு, பிறர் சுவரை அத்துமீறி இடித்ததால் நேர்ந்த மரணம் என்று கூறி அனுப்பிவிட்டார்கள்.

6. ஐயா, பழைய நில ஆவணங்களைப் பார்த்து, வாரி எங்கே ஓடியதோ அங்கேயே அதைத் திட்டத்தில் குறிக்க வேண்டும். அந்த வழியில் இனி எவருக்கும் கட்டட அனுமதி தரக்கூடாது. சுவரை அகற்ற வேண்டும். எங்கள் வீடு வாரிக்கு நடுவே நிற்பதாக நில அளவையர் சொன்னால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கு கையெழுத்திடச் சொன்னாலும் இடுகிறேன்.

7. மேகம் கறுத்தால் சேதுலட்சுமி அக்கா இப்போது என்னைத்தான் அழைக்கிறார். அழுவது மட்டும் கேட்கும். நானும் போனை வைக்காமல் நிற்கிறேன். அடுத்த மழைக்கு முன் தாங்கள் உத்தரவிட்டால், எங்கள் இருவருக்கும் அது போதும்.

இடம்: மணலேந்தல்
நாள்: 14.07.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
பாசிலா