பூசணம் எனும் பங்காளி

விடாத மழை. இன்று காலை வேங்கிக்கால் வீட்டில் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்ததும் பூசண வாசனை மூக்கில் ஏறியது. அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்துவிட்டேன். தாவரவியல் படித்தவள் ஒரு ரொட்டித் துண்டுக்குப் பயந்து நிற்கிறேன். என் வகுப்புத் தோழி நீ இருந்திருந்தால் ஊரைக் கூட்டிச் சிரித்திருப்பாய்.

இதே வாசனைக்குத்தான் கல்லூரி ஆய்வகத்தில் நீ மூக்கை நீட்டுவாய். பூஞ்சையைத் தாவரவியலில் சேர்த்துப் படிக்கச் சொன்னதை நீ ஒப்பவே இல்லை. ரொட்டிப் பூசணத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து அயோடின் விட்டாய். ஒட்டியிருந்த ரொட்டித் துகள் நீலமானது; பூசண இழை ஆகவில்லை.

"மாவுச்சத்து இல்ல, பச்சையம் இல்ல. செல் சுவருகூட செல்லுலோஸ் இல்லடீ, கைட்டின். கரப்பான்பூச்சி ஓட்டுல இருக்குதே, அது. சேத்து வெக்கிறது கிளைக்கோஜன், நம்ம ஈரல் மாதிரி. இது செடி இல்ல, நமக்குப் பங்காளி!"

"அப்ப ஜுவாலஜி லேபுக்குத் தூக்கிட்டுப் போ" என்று நான் சீண்டினேன்.

சில வருடங்களில் அந்தப் பங்காளி உன் நுரையீரலுக்கே வந்துவிட்டது. ரத்தப் புற்றுக்கான சிகிச்சையில் உன் எதிர்ப்புச் சக்தி வடிந்திருந்த நேரம் அது. பூவிலும் பூசண வித்து ஒட்டியிருக்கும் என்று உன் ஆஸ்பத்திரி அறைக்குள் பூ கூடாது என்றார்கள். கிரிவலம் போய் வந்த உன் அம்மா கொண்டுவந்த மாலை வெளியிலேயே வாடியது. மருந்து ஏறும்போது கட்டில் ஆட நடுங்குவாய். பூசணத்தின் செல் சவ்வும் நம்முடையதும் ஏறக்குறைய ஒரே சாயல். அதைத் துளைக்க வந்த மருந்து உன் சிறுநீரகத்தையும் பதம் பார்த்தது. எது முதலில் விழும், பூசணமா, சிறுநீரகமா? தினமும் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை வராந்தாவிலேயே நிற்பேன்.

"பங்காளிய அடிச்சா நம்ம வூட்டு ஓடுந்தான் ஒடையும்" என்று நீ சிரிக்கப் பார்த்தாய். "செடியா இருந்திருந்தா பச்சையத்த மட்டும் அடிக்கிற மருந்தா பாத்து ஊத்தியிருக்கலாம்."

ஒரு காலை டாக்டர் வந்து, சிறுநீரகம் தாங்கவில்லை, மருந்தை நிறுத்துகிறோம் என்றார். அவர் போனதும் என்னைப் பார்த்தாய்.

"நிறுத்தினா அது வளந்துடும் இல்ல?"

ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள் நாம். உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பயமா இருக்குடீ."

"எனக்குந்தான்" என்றேன். என் கையை விடாமலே தூங்கிப்போனாய்.

அதன் பிறகு நீ அதிக நாள் இல்லை. மழைக்காலம் வந்தால் நான் சுவரில் கரும்புள்ளி தேடுகிறேன். என் மகள் இருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். பைத்தியக்காரத்தனம்தான், தெரிகிறது. இருவரும் சொல்லிக்கொள்ள முடிந்த நாளில் ஆளுக்குப் பாதிப் பயம்தான். இப்போது முழுவதும் என்னிடமே இருக்கிறது.