இஞ்சின் தூக்கிய கமலை மாடுகள்

தோட்டத்து வீடு,
ரெட்டியார்சத்திரம்,
14-3-1964

அன்பு மகன் நாச்சிமுத்துவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் ஐயாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தப் பிலாய் இரும்பாலை உலைச் சூட்டில் நின்றாலும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று பழனி மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுத்தான் இதை ஆரம்பிக்கிறேன். உடம்பு சுகம், மனசுதான் சுகமில்லை. காலையிலிருந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன், நடுவில் எழுந்து அடுப்பைப் பார்த்தேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன், கூட்டின வாசலையே திரும்பக் கூட்டினேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் வைத்து கிதர் முகம்மதுவுக்குக் கையில் அடிபட்டுவிட்டது. வலது கை. உயிருக்கு ஒன்றுமில்லை, பதறாதே. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். திங்கட்கிழமை கட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் இரண்டு விரல் நிற்குமா போகுமா என்று தெரியுமாம். உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், மோட்டார் ரிப்பேர் செய்து பிழைக்கிறவன், அவனுக்கு வலது கையில் விரல் போனால் என்ன மிச்சம் என்று நீயே நினைத்துப் பார்.

கொடைரோட்டில் டாக்ஸி ஓட்டியவரிடம் உன் ஐயா பழைய ஆஸ்டின் காரை வாங்கியதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். மலை ஏறி இறங்கி உடம்பெல்லாம் ஓட்டையாகிப் போன கார், ஆனால் இஞ்சின் நல்ல இஞ்சின் என்று கிதர்தான் ஓட்டிப் பார்த்துச் சொன்னான். அதைக் கழற்றிக் கட்டைமேல் உட்கார வைத்துப் பம்பில் கோத்தால், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிக்கொள்ளலாம் என்று திட்டம். கரண்டுக்கு எழுதிக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது, கம்பம் வந்தது, கம்பி வரவில்லை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, நாளெல்லாம் மாட்டைப் பூட்டிக் கமலை இறைத்தாலும் பாதி வெங்காயத்துக்குத்தான் பாய்கிறது, தாள் நுனி கருகுவதைப் பார்த்துவிட்டு வந்து உன் ஐயா சோற்றில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். கயிற்றை நம்ப வேண்டாம், செயின் கப்பி கட்டித்தான் இஞ்சினைத் தூக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய், கிதரும் அதையே சொன்னான். பட்டறையில் இருக்கிற கப்பி வெளி வேலைக்குப் போயிருக்கிறது, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கொண்டுவருகிறேன் என்றான். புதன்கிழமை அவன் வந்தது போல்ட்டுகளைக் கழற்றி வைக்க மட்டும்தான். மதியத்துக்குள் பானெட், ரேடியேட்டர், குழாய், வயர் எல்லாம் கழற்றியாகிவிட்டது, தூக்கினால் வந்துவிடும் என்று இஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. உன் ஐயாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை, இன்னும் ரெண்டு நாளா, ரெண்டு நாளா என்று காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். கிணற்றை ஒட்டித்தானே புளியமரம் நிற்கிறது, கமலை உருளையைக் கழற்றிக் கிளையில் கட்டினால் நம் மாடு இதைத் தூக்காதா என்றேன். இருபது வருஷமாகக் கமலை ஓட்டுகிறவள் என்கிற கர்வம் எனக்கு. கிதர் தலையைச் சொறிந்தான், கிளையை அண்ணாந்து பார்த்தான், பிறகு அம்மா சொன்னால் சரி என்று ஒத்துக்கொண்டான்.

காரை மரத்தடிக்குத் தள்ளி, இஞ்சினில் கமலை வடத்தைக் கட்டி உருளையில் போட்டு, செவலையையும் மயிலையையும் பூட்டி, தினமும் இறைப்புக்கு இறங்குகிற அதே சரிவில் இறக்கினோம். நான்தான் ஓட்டினேன். ஒரு குலுக்கல் இல்லாமல் இறங்கின. இஞ்சின் காரைவிட்டு எழுந்தது. உன் ஐயா காரைப் பின்னால் தள்ள ஆரம்பித்தார், இஞ்சின் ஆடாமல் இருக்கக் கிதர் அடியில் கை கொடுத்துப் பிடித்திருந்தான். மாடு சரிவின் அடிக்குப் போய்விட்டது. மாடு அங்கே போனால் மேலே சால் தண்ணீரைக் கொட்டிவிட்டது என்று அர்த்தம், பின்னே வா என்று நான் குரல் கொடுப்பேன், அவை பின்னடி வைத்து ஏறும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்கிற சொல். அதை அன்றைக்கும் சொல்லிவிட்டேன் அப்பு. வாயைவிட்டு வந்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. மாடு சொன்னதைக் கேட்டது. இஞ்சின் இறங்கிவிட்டது, அதற்கும் கார்ச் சட்டத்துக்கும் நடுவில் அவன் கை.

ரோட்டில் போன காய்கறி லாரியை மறித்து உன் ஐயா அவனைக் கொண்டுபோனார். கேட்டவர்களிடமெல்லாம், செவலை மிரண்டு பின்வாங்கிவிட்டது என்றே சொன்னார். நேற்று கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிதர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், கையை வைக்கக் கூடாத இடத்தில் வைத்தேன், என் கைக்கே புத்தியில்லாமல் போச்சும்மா என்கிறான். அவன் மனைவி நர்கீஸ் என் தோளைப் பிடித்து உட்கார வைத்து, நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்டது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சட்டியைக் கழுவுகிற சாக்கில் எழுந்து வெளியே போய்விட்டேன். இங்கே வந்தால் உன் ஐயா, திங்கட்கிழமை சந்தையில் செவலையைத் தள்ளிவிடுகிறேன் என்கிறார். ஆளை அடித்த மாடு என்று பேர் வந்துவிட்டால் வேலைக்கு எவன் வாங்குவான், அடிமாட்டுக்குத்தான் போகும். அது என்னடாவென்றால் என்னைப் பார்த்ததும் தவிட்டுக்குத் தலையை ஆட்டுகிறது.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருந்தபோது தரகர் பெரியகருப்பன் வந்து செவலையின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிற சத்தம் கேட்டது. பேனாவை வைத்துவிட்டுப் போனேன். மாடு விற்கவில்லை என்று அவரை அனுப்பிவிட்டு, நான்தான் குரல் கொடுத்தேன், மாட்டின்மேல் தப்பில்லை என்று உன் ஐயாவிடம் சொன்னேன். அவர் மூக்கணாங்கயிற்றைத் திரித்துக்கொண்டே, “தெரியும் புள்ள. நீ சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. மாட்டு மேல போட்டா மாடு வந்து மறுத்தா பேசப் போகுது? உன் மேல ஒரு சொல்லு விழக்கூடாதுன்னுதான்” என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நாலு நாளாக நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறேன், இந்த மனுஷர் எல்லாம் தெரிந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அழுவதா சண்டை போடுவதா தெரியாமல் இரண்டும் செய்தேன். செவலையை விற்பதில்லை, அதை ஒத்துக்கொண்டார். ஆனால் கிதரிடம் மட்டும் சொல்லாதே என்கிறார். சொன்னால் விரல் திரும்பியா வரும், இருக்கிற உறவும் அறுந்து போகும் என்கிறார். அதுவும் மெய்தான். ஆனால் அவன் அங்கே படுத்துக்கொண்டு தன் கையைத்தானே திட்டிக்கொண்டிருக்கிறான். கையை நம்பிப் பிழைக்கிறவன் கையைச் சந்தேகப்பட்டால், விரல் நின்றாலும் எப்படி வேலை செய்வான்?

மிளகாய்த்தூளும் கருவடகமும் ரயில் பார்சலில் போட்டிருக்கிறேன், வெஞ்சனம் இல்லாமல் வெறும் சோற்றைத் தின்னாதே. உலைப் பக்கம் தூக்கு வேலை நடந்தால் எட்ட நில், ஓட்டுகிறவன் எவ்வளவு பழகினவனாக இருந்தாலும் எட்டவே நில். உனக்கு ஒரு குறையும் வராமல் நம் குலசாமி காக்கட்டும். கிதருக்கு நீ இப்போது ஒன்றும் எழுதாதே, பத்து நாள் கழித்து எழுது. அவன் பதில் போடாவிட்டாலும், நம் வீட்டுப் பக்கம் வராவிட்டாலும் அவன்மேல் வருத்தப்படாதே. நாளைக்கு முதல் பஸ்ஸில் திண்டுக்கல் போகிறேன். அவனிடம் சொல்லிவிட்டு வந்து கடிதத்தைத் தபாலில் போடலாம் என்றுதான் நினைத்தேன். அப்படிச் செய்தால் சொல்லாமலே திரும்பி, இதையும் கிழித்துப் போட்டுவிடுவேன். அதனால் முதலில் ரயில் ஸ்டேஷன் தபால் பெட்டியில் இதைப் போட்டுவிட்டு, அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குள் போவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
வே. சுந்தரம்மாள்