பசங்க ஊருக்குப் போயிருக்காங்க

உத்திரமேரூர்
28.3.1999

அன்புள்ள அம்சாவுக்கு,

சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். இன்னும் கம்பத்திலிருந்து விழவில்லை. லைன்மேனுக்கு அதுவே நல்ல சேதி. அங்கே உன் அண்ணன், அண்ணி, உன் பால்வாடிப் பிள்ளைகள் எல்லாரும் நலம்தானே?

நீ கேட்டபடி வீட்டை விலைக்குச் சொல்லிவிட்டேன். புரோக்கர் அத்தாவுல்லா பாய் இதுவரை மூன்று பார்ட்டிகளைக் கூட்டி வந்தார். கிணற்றுத் தண்ணீர் பிடித்தது, சமையலறை பிடித்தது, விலையும் பிடித்தது. கூடத்துக்கு வந்ததும் நம் கல்யாணப் போட்டோவைப் பார்க்கிறார்கள். உடனே, "எத்தினி கொயந்தைங்க?" இல்லை என்கிறேன். அவ்வளவுதான், பாயிடம் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிடுகிறார்கள்.

பாய் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "வூட்ல ஒரு கொறையும் இல்ல ரத்தினம். ஆனா பதினோரு வருசமா தொட்டில் கட்டாத வூடுன்னு தெரிஞ்சிக்கினா எவன் வாங்குவான்? பேஜாரா பூடும். அந்தப் போட்டோவ மொதல்ல கயட்டு."

கழற்றிப் பார்த்தேன். அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகச் சதுரம் போட்டுக்கொண்டு நிற்கிறது. சுண்ணாம்பு அடித்தும் மறையவில்லை. அடுத்து வந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "இங்க இருந்தவங்க எப்ப தவறிட்டாங்க?" என்று துக்கம் விசாரிக்கிறாள். திரும்ப மாட்டிவிட்டேன்.

போட்டோ இருக்கட்டுமா, வேண்டாமா? வீட்டுப் பத்திரத்தில் உன் பெயரும் இருக்கிறது. நீயே சொல்லு.

அன்புடன்,
முனிரத்தினம்


வாலாஜாபாத்
4.4.1999

வணக்கம்.

கடிதம் கிடைத்தது. நான் வந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்தப் போட்டோவைப் பார்த்து நீங்களும் நானும் ஒரே வீட்டில் இருப்பதாக ஊரார் நினைத்தால் அது போட்டோவின் குற்றம். கழற்றிப் பரணில் போடுங்கள். எனக்கு வேண்டாம்.

ஒரு ஆணி பிடுங்க என்னைக் கேட்டுக் கடிதம் எழுதுகிறீர்கள். கேட்டுச் செய்ய வேண்டிய காரியங்களைக் கேட்டுச் செய்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

இங்கே எல்லாரும் நலம். பால்வாடியில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். சத்துமாவு உருண்டை பிடித்துப் பிடித்துக் கை மரத்துப் போகிறது. பக்கத்து வீட்டுப் போனுக்கு இனிமேல் பேச வேண்டாம். அண்ணி கதவோரம் வந்து நிற்கிறாள். பதிவு என்றைக்கு என்று எழுதுங்கள், வந்து கையெழுத்துப் போடுகிறேன். அதற்குமேல் நமக்குள் பேச ஒன்றும் இல்லை.

அம்சா


உத்திரமேரூர்
18.4.1999

அன்புள்ள அம்சாவுக்கு,

திட்டினாலும் நான்கு வரி அதிகமாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம்.

போட்டோ விஷயத்துக்குப் பாய் ஒரு வழி கண்டுபிடித்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவை மூடப் போகிறார்கள். பணம் கட்டிவிட்டு வாங்க வராமல் போனவர்களின் போட்டோக்கள் அங்கே ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. அதிலிருந்து ஒன்றைப் பொறுக்கி எடுத்து வந்தார். ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பையன். பக்கத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய பெண் குழந்தை. பின்னால் திரையில் வரைந்த மாடிப்படி. பின்பக்கம் பென்சிலில் 1994 என்று போட்டு, "வரவில்லை" என்று எழுதியிருக்கிறது. படம் எடுத்தபோது வெளிச்சம் அதிகமாகி அந்தப் பெண்ணின் முகம் மட்டும் வெளுத்துப் போய்விட்டது. பாய்க்கு அதுதான் பிடித்தது. "மூஞ்சி தெர்ல பாரு, யாரும் ஒன் சம்சாரம் இல்லன்னு சொல்ல முடியாது. கேட்டா பசங்க லீவுக்கு ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லு."

சதுரத்துக்கு மேல் கச்சிதமாகப் பொருந்தியது.

புதன்கிழமை வந்த பார்ட்டியின் வீட்டுக்காரம்மா போட்டோவைப் பார்த்ததும் கன்னத்தில் விரல் சொடுக்கித் திருஷ்டி கழித்தாள். "பேரு இன்னா?" என்றாள். பாய் வெளியே பீடி பிடிக்கப் போயிருந்தார். நான் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நதியா, அஜய் என்று வந்துவிட்டது.

உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கூடத்தைப் பார்த்து வரேன் என்கிறேன். கதவை மெதுவாகச் சாத்துகிறேன்.

அன்புடன்,
முனிரத்தினம்


வாலாஜாபாத்
25.4.1999

உங்களுக்கு,

நான் சிரிக்கவில்லை.

அந்த இரண்டு பெயர்களும் யார் வைத்தவை? வயிற்றில் இருக்கும்போதே நான் வைத்தவை. எண்பத்தொன்பதில் ஒன்று, தொண்ணூற்றொன்றில் ஒன்று. பத்து மாதம் சுமந்தவளுக்கு அந்தப் பெயர் மட்டும்தான் மிச்சம். மூச்சில்லாமல் பிறந்த பிள்ளைகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனீர்கள். முகத்தைக் காட்டவில்லை. பார்த்தால் தாங்க மாட்டேன் என்று நீங்களும் உங்கள் மனிதர்களும் முடிவு செய்தீர்கள். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். "அத இப்ப இன்னாத்துக்குக் கேட்டுக்கினு கீற" என்றீர்கள். ஏழு வருஷம் அதே பதில். பிள்ளை போனதற்காக நான் வீட்டை விட்டு வரவில்லை. இந்தப் பதிலுக்காகத்தான் வந்தேன்.

இப்போது யார் வீட்டுப் போட்டோவுக்கோ அந்தப் பெயரைச் சூட்டி வீட்டை விற்கிறீர்கள். வெட்கமாக இல்லையா? கழற்றி எறியுங்கள்.

ஒன்று கேட்கிறேன். எழுத இஷ்டமில்லை என்றால் விட்டுவிடுங்கள். அந்தப் பெண் குழந்தைக்கு எத்தனை வயது இருக்கும்?

அம்சா


உத்திரமேரூர்
10.5.1999

அன்புள்ள அம்சாவுக்கு,

ஐந்து வயது இருக்கும். பையனுக்கு மூன்று. தொண்ணூற்று நான்கில் எடுத்த படம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீயும் போட்டிருப்பாய், அதனால்தான் கேட்டாய்.

உன் கடிதம் வந்ததும் கழற்றிவிடத்தான் நினைத்தேன். நேற்று ஞாயிறு, ஸ்டூலைப் போட்டு ஏறியும்விட்டேன். அப்போது பாய் ஒருவரைக் கூட்டி வந்தார். பெயர் ஆண்டியப்பன், தென்னேரிக்காரர், லாரி டிரைவர். கிணற்றைப் பார்க்கவில்லை. சமையலறையைப் பார்க்கவில்லை. நேராகப் போட்டோ எதிரில் வந்து நின்றார். "இவங்க எங்க?" என்றார்.

பாய் பழக்க தோஷத்தில், "பசங்க ஊருக்குப் போயிருக்காங்க" என்றார்.

அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நதியா" என்றார். பையனைப் பார்த்து, "அஜய்" என்றார்.

அம்சா, நான் வாயைத் திறக்கவே இல்லை. பாயிடம் பிறகு தனியாகக் கேட்டேன். அல்லா மேல் ஆணையாகத் தான் சொல்லவில்லை என்கிறார். அவருக்கே அந்தப் பெயர்கள் தெரியாது.

ஐந்து வருஷத்துக்கு முன் நாக்பூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனாராம். நாற்பது நாள் கழித்துத் திரும்பினால் வீடு பூட்டியிருந்ததாம். மனைவி, பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. தன் சம்சாரம் என் வீட்டுச் சுவரில் இருக்கிறாளே, அடிக்கப் போகிறார் என்று நான் பின்னால் நகர்ந்தேன். அவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நல்லா பாத்துக்கினியே, அது போதும் சாமி" என்றார்.

"எப்ப வருவாங்க?" என்று கேட்டார். பாய் பதறிப்போய் ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டார்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்?

முனிரத்தினம்


வாலாஜாபாத்
14.5.1999

உங்களுக்கு,

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்பார்கள். உங்களுக்கு அதோடு போகாது போலிருக்கிறது.

உடனே அந்த மனிதரிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பிள்ளை இல்லாத வீட்டில் ஒருவரை உட்கார வைத்து, பிள்ளை வரும் என்று சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று உங்களுக்குத் தெரியாதா? நான் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவள்.

நன்றாக யோசித்து எழுதுங்கள். அவர் அந்தப் பெயர்களைச் சொன்னது நிஜமாகவே நீங்கள் சொல்வதற்கு முன்பா? பால்வாடியில் ஆஜர் எடுக்கும்போது இல்லாத இரண்டு பெயரைக் கூப்பிட்டுவிட்டேன். ஒரு பிள்ளை கூடச் சிரிக்கவில்லை.

அம்சா


மின்வாரியக் குவார்ட்டர்ஸ்
உத்திரமேரூர்
25.5.1999

அன்புள்ள அம்சாவுக்கு,

முன்பேதான். எத்தனை முறை யோசித்தாலும் முன்பேதான்.

உண்மையைச் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். "அப்ப பேரு எப்டி தெரியும் ஒனக்கு?" என்றார். புதன்கிழமை வந்த அம்மாளிடம் நான் அந்தப் பெயர்களைச் சொன்னதையும் சொல்லியிருந்தேன். அவை எங்கள் பிள்ளைகளின் பெயர் என்றேன். அவர் சிரித்தார், கோபமாக இல்லை. ஸ்டுடியோவுக்கும் கூட்டிப் போனேன். ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்து படம் எடுத்ததாகவும், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று போனவள் வரவே இல்லை என்றும் ஸ்டுடியோக்காரர் சொன்னார். ஆண்டியப்பன், "அதான் இங்க வந்துட்டாங்களே" என்று முடித்துவிட்டார்.

சொன்ன விலைக்கே பாயிடம் முன்பணம் கொடுத்துவிட்டார். ஒரே நிபந்தனை, போட்டோ சுவரிலேயே இருக்க வேண்டும். ஞாயிறுதோறும் வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து உட்காருகிறார். இரண்டு ஜோடிச் சின்னச் செருப்பு வாங்கி வந்திருக்கிறார். பிள்ளைகள் இத்தனை வருஷத்தில் வளர்ந்திருப்பார்களே என்றேன். "போட்டோவுல அப்டியா கீது?" என்றார்.

போன ஞாயிறு அவரோடு நானும் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஹாரன் கேட்டது. இரண்டு பேரும் ஒன்றாகத் தலையைத் தூக்கினோம். அன்றைக்கே சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு இங்கே ஞானதாஸ் அறைக்கு வந்துவிட்டேன். கூட வேலை செய்கிறவர், நல்ல மனிதர். நீ பயப்பட வேண்டாம்.

பதிவு ஜூன் ஒன்பது, புதன்கிழமை. அதற்கு முன்னால் ஒருமுறை வந்து நீயே அவரிடம் சொல்லிப் பாரேன். பெண்பிள்ளை சொன்னால் நம்புவார். திரும்பி வா என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் அந்த வீடு இன்னொருவர் கைக்குப் போகும் முன்னால் நீ ஒரு தரம் உள்ளே வர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு நாள் எல்லாவற்றுக்கும் உன்னைக் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

பிள்ளைகளை வைத்த இடத்தைப் பற்றி, நேரில் சொல்கிறேன். எழுத வரவில்லை.

உன்
முனிரத்தினம்


உத்திரமேரூர்
31.5.1999

உங்களுக்கு,

மேலே இருக்கும் ஊரைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன்.

நேற்று முதல் பஸ்ஸில் வந்தேன். உண்மையைச் சொல்லிவிட்டு மதிய பஸ்ஸுக்குத் திரும்பிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். கதவு திறந்திருந்தது. அவர் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "நதியாம்மா, வந்துட்டியா" என்றார். நான் அவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "பசங்க எங்க?" என்று கேட்டார்.

எத்தனை பிள்ளைகள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறார்கள். யாருக்குக் குறை என்று உங்கள் வீட்டில் கேட்டார்கள். பசங்க எங்கே என்று இந்தப் பத்து வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. இருக்கிற பிள்ளைகளைத்தானே அப்படிக் கேட்பார்கள். "பின்னால வராங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பிறகுதான் போட்டோவைப் பார்த்தேன். நதியாவுக்கு உங்கள் மூக்கு. அஜய் என் அப்பா மாதிரி நெற்றியைச் சுருக்குகிறான். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். அது தப்பு. நன்றாகவே தெரிகிறது. யார் முகம் என்று எழுத மாட்டேன். நீங்கள் வந்து பார்க்கவும் வேண்டாம்.

மத்தியானம் நாலு பேருக்கு உலை வைத்தேன். நானும் அவரும்தான் உட்கார்ந்தோம். பாத்திரம் கழுவும்போது பார்த்தேன், ஒரு பருக்கை மீதமில்லை.

அவர் முன் அறையில் படுத்துக்கொள்கிறார். நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். ஊர் என்ன பேசும் என்று எழுதாதீர்கள். ஊர் பேசியதை எல்லாம் நான் கேட்டு முடித்துவிட்டேன். பால்வாடிக்கு லீவு எழுதிப் போட்டாயிற்று. பாயிடம் சொல்லி முன்பணத்தை அவருக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். பதிவுக்கு நான் வரவில்லை. வீடு விற்பதற்கில்லை.

உங்கள் மேல் எனக்கு இப்போது கோபம் துளியும் இல்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள், மழையில் கம்பம் ஏறாதீர்கள்.

அந்த இடம் எது என்று நேரில் சொல்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். சொல்ல வேண்டாம். நீங்களும் இனிமேல் அங்கே போய் நிற்க வேண்டாம். அங்கே யாரும் இல்லை.

இப்படிக்கு,
நதியாம்மா