முப்பத்தொன்றாம் பக்கத்துப் பச்சைப் புள்ளி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன். நீ, மாப்பிள்ளை, நம் பொடியன் மூன்று பேரும் அங்கே சுகம் என்று உன் கையால் நாலு வரி வந்தால்தான் எனக்கு மனசு நிலைக்கும். பொடியனுக்கு இருமல் நின்றுவிட்டது என்று போனில் சொல்கிறாய், சொல்லி முடிப்பதற்குள் பின்னால் அவன் இருமுவது கேட்கிறது. அப்பாவிடம் மறைக்காதே, டாக்டரிடம் காட்டு. மாப்பிள்ளை புது ஆபீஸுக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறார் என்றாயே, காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதே, நீயும் அப்படிக் கிளம்பாதே. இங்கே குளியலறைக் குழாய் சொட்டுவதை ஒருவழியாகச் சரிசெய்தாகிவிட்டது. சித்தி வாரத்தில் இரண்டு நாள் வந்து பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருகிறாள். நீங்க சாப்பிடறீங்களா இல்ல பாத்திரத்துக்குச் சாப்பாட்டக் காட்டிட்டு உள்ள வைக்கறீங்களா மாமா என்று கேட்கிறாள். அக்காவை, உன் அம்மாவைப் போலவே பேச்சு, குரல்கூட. அவள் சமையலறையில் இருக்கும்போது நான் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவளுக்குத் தெரியாது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் அங்கே மழையா வெயிலா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுதினால் நீ பாதியில் குறுக்கே பேச முடியாது, அழுதாலும் எனக்குக் கேட்காது. அம்மாவின் பூச்சிப் புத்தகத்தைப் பற்றிய விஷயம் இது. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் உனக்குத் தெரிந்தது பாதி, அந்தப் பாதியும் பொய். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

குழந்தைகளின் சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி அந்தச் சின்னப் புத்தகங்களை நான் பிழைதிருத்துகிற பதிப்பகம் போட ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பூச்சியை அதன் நிஜ அளவில் அம்மா வரைவாள், குழந்தை வாசிக்கிற மாதிரி இரண்டு வரி நான் எழுதுவேன், பக்கத்தில் ஒரு வண்ணப் புள்ளி இருக்கும். பச்சை என்றால் கையில் ஏற விடலாம், மஞ்சள் என்றால் பார்க்க மட்டும், சிவப்பு என்றால் தள்ளி நில். எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் புள்ளி புரியும் என்று அதைக் கண்டுபிடித்தவள் அம்மாதான். நீ தீப்பெட்டிக்குள் வண்டு பிடித்து வைத்துக்கொண்டு தூங்குவாயே, அந்தப் பயத்தில் வந்த யோசனை. ஆனால் அச்சுக்குப் போகும் முன் திருத்துவதற்காக வருகிற மாதிரித் தாளில், அந்த ப்ரூப்பில், எந்தப் படத்துக்கு எந்தப் புள்ளி என்று குறித்துக் கொடுப்பது என் வேலை. சாப்பாட்டு மேஜையில் வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் அவள் நாற்காலி, எதிரே சுவர்ப் பக்கம் நான். காகிதம் அவள் பார்வைக்கு நேராக இருக்கும். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகவே வாசித்துத் திருத்துவேன். அதில் எனக்கு ஒரு கர்வம். ஆபீஸில் எனக்குக் கழுகுக்கண்ணர் என்றே பெயர், வீட்டுக்கு வருகிறவர்கள் எதிரே உட்கார்ந்து இந்த வித்தையைக் காட்டாமல் விடமாட்டேன் என்பது உனக்கே தெரியும், எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்.

நாங்கள் கடைசியாகச் சேர்ந்து செய்த புத்தகத்தில், முப்பத்தொன்றாம் பக்கத்தில் இரண்டு பச்சைப் புழு. மேலே இருப்பது சாது, வழவழவென்று இருக்கும். கீழே இருப்பதும் அதே பச்சைதான், ஆனால் உடம்பெல்லாம் பொடி முள், தொட்டால் தீப்பட்ட மாதிரி எரியும். பக்கத்துப் பக்கத்தில் பார்த்தால்தான் குழந்தை வித்தியாசம் கண்டுபிடிக்கும் என்று அம்மா வேண்டுமென்றே அப்படி வரைந்தாள். ஆனால் ப்ரூப் கறுப்பு வெள்ளையில் வரும், அதில் முள் எல்லாம் தெரியாது, இரண்டு சாம்பல் விரல் மாதிரி இருந்தன. அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள், மேல இருக்கறதுக்குப் பச்சை, கீழ இருக்கறதுக்குச் சிவப்பு, எதுக்கும் காகிதத்தத் திருப்பி வச்சுக் குறிங்க என்று. எனக்கா திருப்பணும் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். என் பக்கத்திலிருந்து பார்த்தால் எது மேலே இருந்ததோ அதற்குப் பச்சை என்று குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். கடைசி ப்ரூப் வந்தபோது அம்மா சித்தியின் ஆபரேஷனுக்காக அவள் வீட்டில் இருந்தாள். நான்தான் பார்த்தேன். எழுத்தைப் பார்த்தேன், புள்ளியைப் பார்க்கவில்லை.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். ஒரு தையற்காரர் தன் மகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு பதிப்பகத்துக்கு வந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. புழுவைக் கையில் எடுத்திருக்கிறாள், எரிச்சல் தாங்காமல் அதே கையால் கண்ணைக் கசக்கியிருக்கிறாள். ஒரு கண் மூடியே இருந்தது. அந்த மனிதர் கத்தவில்லை, புத்தகத்தை விரித்து மேஜைமேல் வைத்து, பச்சைப் புள்ளி போட்டிருக்குங்க, அதனாலதான் எடுத்தா, அவ சொன்ன பேச்சு கேக்கற பிள்ளைங்க என்று மட்டும் சொன்னார். முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். பக்கத்தைப் பார்த்ததுமே எனக்கு உறைத்துவிட்டது. மேஜை, ஜன்னல், அடுப்படியிலிருந்து வந்த குரல், எல்லாம் கண்முன் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள், நான்தாங்க படத்த மேல கீழ மாத்தி ஒட்டிட்டேன் என்று. முதலாளி பழைய ப்ரூப்பைக் கேட்டார். அது வேஸ்ட் பேப்பரோட போயிடுச்சுங்க என்றாள். பாவம், தன் தப்பு என்றே நம்பிவிட்டாள் என்று நான் நினைத்தேன். நினைத்துவிட்டுச் சும்மா நின்றேன். ப்ரூப் போய்விட்டது என்றதும் எனக்கு மூச்சு வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்து நாளில் அந்தப் பிள்ளைக்குக் கண் சரியாகிவிட்டது. நானும் அம்மாவும் பத்தொன்பது பள்ளிக்கூடங்களுக்கு நடையாய் நடந்து ஒவ்வொரு புத்தகத்திலும் பச்சைமேல் சிவப்பு, சிவப்புமேல் பச்சை என்று புள்ளி ஒட்டினோம், முன்பக்கத்தில் பிழைதிருத்தச் சீட்டும் ஒட்டினோம். ஓவியரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம் என்று அந்தச் சீட்டில் இருந்தது. அச்சுக்குப் போகும் முன் அதையும் என்னிடம்தான் கொடுத்தார்கள். ஒரு ஒற்றுப்பிழை இல்லாமல் திருத்திக் கொடுத்தேன். அம்மா என் எதிரில் உட்கார்ந்து பசை தடவித் தடவிக் கொடுத்தாள், நான் ஒட்டினேன். தையற்காரர் வீட்டுக்கும் போனோம். அந்தப் பிள்ளைக்குப் பயமே இல்லை, அந்தப் புழு பெருசானா என்ன ஆகும் என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா அவர் வெட்டு மேஜையில் கிடந்த துண்டுத் துணியில் தையல் சாக்கட்டியால் ஒரு அந்துப்பூச்சி வரைந்து கொடுத்தாள். அவள் கடைசியாக வரைந்தது அதுதான். கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்கம்மா என்று முதலாளி மரியாதையாகச் சொல்லிவிட்டு அடுத்த புத்தகத்துக்கு வேறு பெண்ணை வைத்துக்கொண்டார். அம்மா தூரிகையெல்லாம் கழுவித் துடைத்துப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டாள். நீ போனில் கூப்பிட்டு, கண்ணு தெரியலன்னா விட்டுத் தொலைக்க வேண்டியதுதானேம்மா, ஒரு கொழந்தையோட கண்ணு போயிருந்தா என்ன பண்ணுவே என்று கேட்டாய். அம்மா ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தாள். நான் உன்னிடம், விடும்மா, வயசாச்சு அவளுக்கு என்று சொன்னேன். அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா போய் நாலு மாதம் ஆகிறது. நீ வந்து இருந்த பதினொரு நாளில் ஒரு மத்தியானம் அடுப்படியில் உட்கார்ந்து, அவள அப்படிப் பேசிட்டேனேப்பா என்று அழுதாயே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். அம்மா அதையெல்லாம் எப்பவோ மறந்துட்டா என்று உன் தலையைத் தடவிவிட்டு வெளியே போய் நின்றேன். உன் அப்பா எப்பேர்ப்பட்ட கோழை என்று பார்.

போன வாரம் புத்தகத்தை மறுபடி அச்சுப் போடப் போவதாகவும், அம்மா வரைந்த மூலப் படங்கள் வேண்டும் என்றும் முதலாளி கேட்டார். பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். அடியில் சாயம் ஒழுகாமல் இருக்க அவள் தடித்த பழுப்புக் காகிதம் விரித்திருப்பாள். ஒரு தூரிகை அதில் ஒட்டிக்கொண்டிருந்தது, எடுக்கும்போது காகிதமும் சேர்ந்து வந்தது. கீழே அந்த ப்ரூப் இருந்தது. நாலாக மடித்து, முனை கலையாமல். விரித்தால் இரண்டு புழுவும் நேராக இருக்கின்றன, பக்கத்தில் என் பென்சில் எழுத்து மட்டும் தலைகீழாக நிற்கிறது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவன் எழுதியது என்று யார் பார்த்தாலும் சொல்லிவிடலாம். அவள் படத்தை மாற்றி ஒட்டவே இல்லை. மேலே சாது, கீழே முள், அவள் வைத்த இடத்தில்தான் இருந்தன. அந்த ஆபீஸில் நிற்கும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது, ப்ரூப் போய்விட்டது என்றதும் என்னைக் காப்பாற்றத்தான். கழுகுக்கண்ணர் என்ற பெயர் போய்விட்டால் இந்த மனுஷன் எழுந்திருக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் இரண்டு வருஷம் எதிரெதிரே அதே மேஜையில் சாப்பிட்டோம். ஒரு நாள் நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாளோ என்னவோ. காத்திருந்திருப்பாள். அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை, என்னால் தாங்க முடியாதது அதுதான்.

மறுநாளே ப்ரூப்பை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். போனவங்க போயிட்டாங்க, இப்ப எதுக்குங்க இதெல்லாம், புதுப் பதிப்புல சீட்டே வேணாம், பேசாம விட்டுடலாம் என்றார். நல்ல மனுஷர், என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். எல்லோரும் என்னைக் காப்பாற்றவே பார்க்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். முந்தைய பதிப்பின் முப்பத்தொன்றாம் பக்கத்தில் புள்ளிகளைத் தவறாகக் குறித்தவன் பிழைதிருத்திய நான், ஓவியத்தில் பிழை இல்லை என்று. அதன் ப்ரூப் நேற்று வந்தது. மேஜையில் வைத்துவிட்டு என் இடத்தில் உட்காரப் போனவன், சுற்றிப் போய் ஜன்னல் பக்கம் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் நேராகத்தான் தெரிகிறது.

நீ அவளைப் பேசிய பேச்சுக்கு நீ பொறுப்பில்லை. அது எனக்கு வரவேண்டிய பேச்சு, வழி தப்பி அவளிடம் போனது. என்மேல் கோபம் வந்தால் வரட்டும், இரண்டு மாதம் பேசாமல் இருந்தாலும் இரு, ஆனால் உன்னை நீ நொந்துகொள்ளாதே. நீயும் மாப்பிள்ளையும் பொடியனும் ஒரு நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் சேர்ந்து இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் ஆசீர்வாதம்.

மறக்காமல் ஒரு காரியம் செய். பொடியன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிற புத்தகம் அம்மா அனுப்பிய பழைய பதிப்பு. புள்ளியெல்லாம் அவளே மாற்றி ஒட்டித்தான் அனுப்பினாள், ஆனால் முன்பக்கத்தில் அந்தப் பழைய சீட்டு இருக்கிறது. இதோடு புதுச் சீட்டு ஒன்று வைத்திருக்கிறேன், பசை அதிகம் தடவாமல் அதன்மேல் ஒட்டிவிடு. இது என்ன என்று அவன் கேட்டால், தாத்தா பார்த்ததுதான் தப்பு, பாட்டி வரைந்தது சரி என்று சொல்.

இப்படிக்கு,
சுவர்ப் பக்கத்து நாற்காலியைக் காலி செய்துவிட்ட
உன் அப்பா